ஜீப்புக்கு உள்கூரை போட்டேன், ஊரே ஏறிப் பார்த்தது!

பழைய ஜீப் வைத்திருக்கிற எல்லாரிடமும் நான் இப்போது ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அகல டயருக்கு ஆசைப்படுவதற்கு முன்னால், புது ஸ்பீக்கர் வாங்கக் கடன் சொல்வதற்கு முன்னால், பம்பரில் வரிசையாக விளக்கு மாட்டுவதற்கு முன்னால், வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மேலே லைனிங் தொங்குகிறதா? முதல் செலவு அதற்குத்தான். மற்றதெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். உள்கூரை விறைப்பாக நிற்கிற ஜீப்புக்குள் உட்கார்ந்து போகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்த நாளிலிருந்து எனக்கு வேறு பேச்சே வாயில் வரமாட்டேன் என்கிறது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இருப்பவர்கள், "லைனிங் வந்துருச்சுடா" என்று எழுந்திருக்கிறார்கள். இருக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லியே தீருவேன்.

என்னுடையது மஹிந்திரா எம்எம் 540. பெஷோ டீசல் இன்ஜின், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, மேலே கழற்றி மாட்டுகிற ரெக்ஸின் டாப். எம்.ரெட்டியபட்டியில் இப்படி ஒரு வண்டி இருந்தால் அது வீட்டு வண்டி மட்டுமாக இருக்காது. விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டையோடு அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்கு ஓடும். திரும்பும்போது உர மூட்டை ஏறும். அறுப்புக் காலத்தில் மிளகாய் வத்தல், பருத்தி. வெள்ளிக்கிழமையானால் அப்பத்தாவும் அவர் செட்டுப் பாட்டிமாரும் ஏறி, திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். இத்தனைக்கும் மேலே காய்கிற வெயில் வேறு. கரிசக்காட்டு வெயிலை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்த வண்டி என் கைக்கு வரும்போதே உள் லைனிங் கீழே இறங்கியிருந்தது. முன்னால் வைத்திருந்தவர் அங்கங்கே ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தார். ஊக்குக்கும் ஊக்குக்கும் நடுவே துணி பை மாதிரி உப்பி நிற்கும். வேகம் எடுத்தால் காற்று உள்ளே புகுந்து, அந்தப் பை கீழே வந்து நெற்றியில் தட்டும். பள்ளத்தில் இறங்கினால் பொலபொலவென்று மஞ்சள் தூள் கொட்டும். அப்பத்தா கொண்டையில் வைத்த பூவில் அந்தத் தூள் விழுந்தால் கோயில் வரைக்கும் எனக்கு அர்ச்சனைதான். "கூரை வேயத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்குடா?" என்பார்.

அந்த மஞ்சள் தூள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டதில்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்க ஆரம்பித்தது. லைனிங் துணி வெறும் துணியாக வருவதில்லை. முதுகில் மெல்லிய ஃபோம் ஒட்டித்தான் வருகிறது. இந்த பாலியூரித்தேன் ஃபோம் வருஷக்கணக்கில் வெயிலையும் ஈரத்தையும் வாங்கி வாங்கி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். நசுக்கினால் மாவு. பசை ஃபோமைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஃபோம் துணியை விட்டுவிடும். அதனால் இறங்கின துணியை மறுபடி பசை தடவி ஒட்டுவது மாவின் மேல் ஒட்டுகிற வேலை. நிற்கவே நிற்காது. இந்த ஒரு சமாச்சாரம் தெரிந்தால் போதும், ஊரில் பாதிப் பேர் வீணாக்குகிற பசை டப்பா மிச்சமாகும்.

கார்களில் கூரை லைனிங் போடுவதற்குப் பல வழி உண்டு. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரைக்கும் செய்த அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். அதில் லைனிங்கின் முதுகில் வரிசையாகக் குழல் மாதிரி பட்டி தைத்து, அதற்குள் கம்பியை நுழைத்து, கூரையின் இரண்டு பக்கமும் மாட்டியிருப்பார்கள். பசை ஓரத்தில் மட்டும்தான். பல அம்பாசடர்களில் துணி நிறம் மாறி, கிழிந்துகூடப் போயிருக்கும். ஆனால் அதனால்தான் மொத்தமாகத் தலையில் இறங்கியது குறைவு. இப்போதைய கார்களில் கூரையின் வடிவத்துக்கே அச்சில் வார்த்த அட்டை ஒன்று இருக்கும். அதன் மேல் ஃபோம் துணியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் மழமழவென்று இருக்கும். ஆனால் ஃபோம் இற்றுப்போகும் நாளில் மொத்தத் துணியும் ஒன்றாகக் கீழே வரும். அட்டையை முழுதாகக் கழற்றி, பழைய ஃபோமைச் சுரண்டி, புதுத் துணி ஒட்டுவது தவிர அதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

மூன்றாவது வகைதான் நம் விஷயம்: கூரையே துணியாக இருக்கிற வண்டி. மேல்நாட்டு உயர்ந்த திறந்த கார்களில் வெளித் துணியே மூன்று அடுக்காக வரும். வெளியே அக்ரிலிக் நெசவு, நடுவில் தண்ணீர் புகாத ரப்பர், உள்ளே பருத்தி கலந்த துணி. அதற்கும் அடியில் தனியாக ஒரு லைனிங், கூரையைத் தாங்குகிற வளைவுகளை மறைத்துக்கொண்டு நிற்கும். கூரை மடங்கும்போது லைனிங்கும் மடங்க வேண்டும். விரியும்போது சுருக்கமில்லாமல் விரிய வேண்டும். அசையாமல் நிற்கிற இரும்புக் கூரைக்கு இந்தச் சோதனை கிடையாது. அமெரிக்காவில் 1976இல் காடிலாக் எல்டொராடோவை, இதுதான் கடைசித் திறந்த கார் என்று சொல்லி விற்றார்கள். சில வருஷத்திலேயே மற்றவர்கள் திறந்த கார் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆசை விடுமா? நம்மூரிலேயே 2020 அக்டோபரில் மஹிந்திரா தாரைப் புதிதாக இறக்கியபோது மடக்குகிற துணிக் கூரை வைத்த வகையும் சேர்ந்துதானே வந்தது.

எங்கள் எம்எம் 540 அந்த வம்சத்தின் மூத்த தலைமுறை. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ஜீப்பில் மேலே இருந்தது வெறும் கான்வாஸ். லைனிங் கிடையாது, மெத்தை கிடையாது. சிப்பாய்க்கு எதற்கு மெத்தை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஜீப் நம் ஊருக்கு வந்து கல்யாண வண்டி ஆனது, எலெக்‌ஷன் வண்டி ஆனது, பிரசவத்துக்கு ஓடுகிற வண்டி ஆனது. அப்போது மேலே ரெக்ஸின் வந்தது, உள்ளே லைனிங் வந்தது. கம்பெனி தந்ததைவிட நம்மூர்க் குஷன் கடைக்காரர்கள் தைத்துக் கொடுத்ததே அதிகம்.

அங்கேதான் பாய் வருகிறார்.

அருப்புக்கோட்டையில் அவர் கடைக்குப் பெரிய போர்டெல்லாம் இல்லை. ஒரு வேப்பமரம், அதன் நிழலில் ஒரு தையல் மிஷின், உள்ளே ரெக்ஸின் சுருள்கள், சுவரில் மாட்டிய பழைய சீட் கவர் மாதிரிகள். தொழில் பழகியது போடியில் என்றார். கேட்டதுமே எனக்கு மரியாதை கூடிவிட்டது. போடி, கம்பம் பக்கம் தினமும் விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே வெயில், மேலே பனி, நடுவில் மழை. அந்த ஜீப்புக்கு டாப் தைத்துப் பழகியவரின் கைக்கு எந்த ஊர் வானமும் ஒரு பொருட்டில்லை.

வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். துணியைத் தொடவில்லை. ஊக்குகளைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இதுல ஒட்டுற வேலையே கிடையாது. இழுக்குற வேலைதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் மொத்தக் காசையும் எண்ணி வைத்திருப்பேன்.

எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம் உண்டு. அருப்புக்கோட்டை தறி ஊர். தெருவில் பாவு நீட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இழை தொய்ந்தால் சேலையே கெட்டது என்று தெரியும். ஜீப் லைனிங்கும் அப்படித்தான்: நாலு மூலைக்கும் ஒரே இழுப்பு கிடைக்க வேண்டும், ஒரு பக்கம் கூடினால் எதிர்ப்பக்கம் மடிப்பு விழும். பசை அந்த இழுப்பைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம். காலத்துக்கும் பிடித்து வைக்கத் தையலால்தான் முடியும்.

பசையை அவர் நம்பாததற்குப் பின்னால் ரசாயனமும் இருக்கிறது. ரெக்ஸினின் மேல்பூச்சு பிவிசி. இயல்பில் விறைப்பான அந்தப் பிளாஸ்டிக்கை மடிக்கும்படி இளக வைப்பதற்கு எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலக்கிறார்கள். 1926இல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியின் வால்டோ செமன் கண்டுபிடித்த வித்தை அது. வெயில் ஏற ஏற அந்த எண்ணெய் மெதுவாகக் கசிந்து வரும். கடையில் வாங்குகிற மஞ்சள் பசை, ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்றது, நியோப்ரீன் ரப்பரைக் கரைத்துச் செய்தது. கசிகிற எண்ணெய் அதோடு சேர்ந்தால் பசை இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். போதாக்குறைக்குச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கூரை, கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். அந்தச் சூட்டில் சாதாரணப் பசையின் பிடி தானாகவே தளரும். செருப்பில் அற்புதமாக ஒட்டுகிற பசை கூரையில் தோற்பதற்கு இதுதான் காரணம். கரிசக்காட்டில் பசையை மட்டும் நம்பிக் கூரை போடுகிறவர், மழையை மட்டும் நம்பி விதைக்கிறவர் மாதிரி தைரியசாலி.

வேலையைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டேன். டாப்பின் வார்களை அவிழ்த்து, டிக் பட்டன்களைத் தட்டிவிட்டு, கண்ணாடிச் சட்டத்தின் காடியிலிருந்து முன் ஓரத்தை உருவி, மொத்த ரெக்ஸினையும் கழற்றித் தார்ப்பாயின் மேல் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி விரித்தார்கள். மேலே வெறும் பைப் வளைவுகள் மட்டும் நின்றன. அந்த வளைவுகளைத்தான் பாய் முதலில் கவனித்தார். ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. "எலும்பு கோணலா இருந்தா தோல் எப்படிண்ணே நேரா நிக்கும்?" என்று அதை நிமிர்த்தி, துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய ஃபெல்ட் பட்டையைச் சுற்றினார். இரும்பு நேராகத் துணியில் உரசினால் துணி அந்த வரியிலேயே அறுந்துபோகுமாம். எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? கண்ணுக்கே தெரியாத இடம்!

பழைய லைனிங்கை அவர் கிழித்து எறியவில்லை. தையலை மட்டும் பிளேடால் நூல் நூலாக வெட்டி, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் அம்புக்குறி போட்டார். முன் எது, பின் எது, நடு எது என்பதற்கு. ஃபோம் தூளை முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நைலான் பிரஷால் தேய்த்துத் தள்ளினார்கள். பையன் ஒருவன் தின்னர் பாட்டிலைத் தூக்கி வந்தான். பாய் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! தின்னர் பட்டால் ரெக்ஸினின் பூச்சு கரைந்து வெளியே வடு தெரியும். சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும் என்று துடைத்துக் காயப் போட்டார். வெளி ரெக்ஸினில் சீமைக் கருவேல முள் கீறிய இடங்களுக்கும் அப்போதே உள்ளிருந்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிட்டார். லைனிங் போட்ட பிறகு அந்தப் பக்கம் கை போகாதல்லவா?

பிறகு துணி. மதுரையிலிருந்து வருவித்த ஃபோம் ஒட்டிய துணி, ஃபோமின் கனம் 3 மில்லிமீட்டர். கருப்பா, சாம்பலா, சந்தன நிறமா என்று கேட்டார். எனக்குக் கருப்பு மேல்தான் கண். கருப்பு போட்டால் உள்ளே இருட்டிவிடும், வண்டி சிறிதாகத் தெரியும் என்றார். வெளிர் நிறம் போட்டால் பூ மூட்டை ஏற்றுகிற கைகள் ஒரே மாதத்தில் வரைபடம் வரைந்துவிடும் என்றார். சாம்பலில் நின்றோம். கரிசல் புழுதியும், பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற வெள்ளைப் புழுதியும் சேர்ந்தால் வருகிற நிறமும் ஏறக்குறைய அதுதான். அழுக்கே தெரியாது. என்ன ஒரு யோசனை!

இந்தத் துணி ஒரு பக்கமாக நன்றாக இழுபடும், இன்னொரு பக்கமாக அவ்வளவாக இழுபடாது. இழுபடுகிற பக்கத்தை வண்டியின் அகலத்துக்கு வைத்தார். வளைவு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. பழைய துண்டுகளை மேலே வைத்து வரைந்தார், ஆனால் அதே அளவில் வெட்டவில்லை. பழையது இத்தனை வருஷம் தொங்கித் தொங்கி நீண்டுபோயிருக்கும் என்று ஓரங்களில் கொஞ்சம் உள்வாங்கி வெட்டினார். தையலுக்கு விடுகிற ஓரம் தனி. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு சின்ன வெட்டு. தைக்கும்போது அந்த வெட்டும் பக்கத்துத் துண்டின் வெட்டும் சேர்ந்தால் கோணல் வராது. டேப் எடுத்து அளந்ததைவிடக் கையால் தடவிப் பார்த்ததுதான் அதிகம்.

தையலைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு பைப் வளைவுக்கும் நேராக லைனிங்கின் முதுகில் கெட்டித் துணியால் ஒரு குழல். அம்பாசடர் வித்தை! வளைவு அந்தக் குழலுக்குள் நுழைந்துவிட்டால் துணியின் பாரம் முழுவதும் இரும்பின் மேல். பசைக்கு அங்கே வேலையே இல்லை. நூல் பாலியெஸ்டர். நைலான் நூல் வலுவானதுதான், ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சீக்கிரம் தின்றுவிடும், பாலியெஸ்டர் தாங்கும். தையலை நெருக்கமாகப் போட்டால்தானே கெட்டி என்று நான் கேட்டேன். பாய் தலையை ஆட்டினார். ஊசி நெருக்கமாகக் குத்தினால் தபால் தலைத் தாளில் ஓட்டை போட்டதாகிவிடுமாம். இழுக்கிற இழுப்பில் அந்த வரியிலேயே கிழியும். நீளத் தையல், இரண்டு வரிசை, ஓரத்துக்குப் பைப்பிங். பட்டறை பூராவும் அந்த மிஷின் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வேப்ப மர நிழலில் வடையும் டீயுமாக உட்கார்ந்திருந்த நேரத்தை எந்த மலைவாசஸ்தலத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பசை முழுதாக இல்லாமலும் இல்லை. முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் துணி மடிந்து ரெக்ஸினின் உட்பக்கத் துணியோடு சேருகிற விளிம்பில் மட்டும் தடவினார், சூடு தாங்குகிற ரகத்தில். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, அப்புறம் அழுத்த வேண்டும். பொறுமை இல்லாமல் ஈரத்தோடு அழுத்தினால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொண்டு கொப்புளம் விடும். இதை அவர் காலை வெயிலில்தான் செய்தார். உச்சி வெயிலில் மேலே மட்டும் ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். ஐப்பசி மழையில் செய்தாலோ காற்றின் ஈரம் பசை மேல் படிந்து பிடிப்பு கெடும். பங்குனி, சித்திரைக் காலை நம் பக்கத்தில் இதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கிறது. தண்ணீருக்கு ஏங்குகிற ஊர் என்று நம்மைப் பேசுகிறார்களே, இந்த ஒரு வேலைக்கு நம் காய்ந்த காற்றைப் போல் எங்கே கிடைக்கும்? பசை டப்பா திறந்திருக்கும்போது பக்கத்தில் பீடிக்குக்கூட அனுமதியில்லை. கரைப்பான் ஆவி கப்பென்று பிடித்துக்கொள்ளும். மூடிய அறையில் செய்தால் தலையும் சுற்றும்.

மாட்டுகிற நாள்தான் திருவிழா. நடு வளைவிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் ஒரு பிடி, முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி, அப்புறம் இடது வலது என்று மாறி மாறி. ஒரே பக்கமாக முடித்துக்கொண்டு போகவே இல்லை. மூலைகள் கடைசியில். மூலையில் முதலில் கை வைத்தால் மடிப்பு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மாட்டி முடித்ததும் இரண்டு மூன்று இடத்தில் லேசான சுருக்கம் தெரிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. பாயோ டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். வண்டியை அப்படியே வெயிலில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். சூட்டில் ரெக்ஸின் இளகி வளைவுகளின் மேல் படிந்தது. சாயங்காலம் வந்து வார்களை இன்னொரு சுற்று இறுக்கினார். மிச்சமிருந்த ஒரு சுருக்கத்துக்கு மட்டும் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினார். முடிந்தது. எந்த வெயில் பழைய லைனிங்கைக் கொன்றதோ அந்த வெயிலையே சம்பளமில்லாத ஆளாக வேலை வாங்கிவிட்டார் மனிதர்!

ஏறி உட்கார்ந்தேன். என்னவென்று சொல்வேன்! தலைக்கு மேலே ஒரு விரல்கூடத் தொங்காமல், வளைவுக்கு வளைவு ஒரே சீராக, பைப்பிங் கோடுகள் கண்ணாடியிலிருந்து பின் பெஞ்சு வரைக்கும் நேராக ஓடுகின்றன. விரலால் சுண்டினால் மெத்தென்று ஒரு ஓசை. உட்காருகிற உயரமே கூடிவிட்டது போல இருந்தது. ஜீப் அதே ஜீப்தான்; துணி பிடித்துக்கொண்டிருந்த இடம் திரும்பக் கிடைத்திருக்கிறது. மதுரை – தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் ஏற்றி விரட்டினேன். முன்பெல்லாம் அந்த ரோட்டில் ரெக்ஸின் படபடவென்று அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். இப்போது சாதாரணமாகப் பேசலாம். துணி விறைப்பாக நிற்பதால் படபடப்பு இல்லை. ஃபோம் மிச்சச் சத்தத்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. இன்ஜின் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. பெஷோ டீசல் ஆயிற்றே, அதை அடக்க யாரால் முடியும்! ஆனால் அது இப்போது பாட்டு மாதிரி கேட்கிறது. எனக்கு மட்டும்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சூடு? வெளி ரெக்ஸினுக்கும் உள் துணிக்கும் நடுவே காற்று நிற்கிறது. ஃபோமிலும் காற்று. காற்றைத் தாண்டிச் சூடு இறங்கத் தாமதமாகும். மத்தியானம் கருவேல நிழலில் நிறுத்திவிட்டு ஏறினால் முன்பு உச்சந்தலையில் அனல் இறங்கும். இப்போது அது இல்லை. ஏசி போட்ட மாதிரி என்று பொய் சொல்லமாட்டேன். ஜீப்பின் பக்கவாட்டில்தான் ஊரே திறந்து கிடக்கிறதே! ஆனால் தலைக்கு நிழல் என்பது வேறு, குளிர்ச்சியான நிழல் என்பது வேறு. அந்த வித்தியாசம் நம் ஊரில் பெரிய சொத்து.

பூக்காரர்கள்தான் முதலில் கவனித்தார்கள். மூட்டை மேல் தூள் விழவில்லை என்று. அடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள்; ஏறி உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துத் தெரு மாமா ஒருவர் காரே வைத்திருக்கிறார், ஏசியோடு. அவர் உள்ளே வந்து தடவிப் பார்த்துவிட்டு, "மாப்ள, என் வண்டியிலயும் பின்பக்கம் லேசா இறங்குது. உன் பாய் பாப்பாரா?" என்று கேட்டார். நான் அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். அப்பத்தாவிடம்தான் கடைசித் தீர்ப்பு. திருச்சுழி போய்த் திரும்புகிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது, "பரவாயில்லை, இப்பத்தான் வண்டிக்கு வீட்டுக்களை வந்திருக்கு" என்றார். பாராட்டே தெரியாத வாயிலிருந்து அது வந்தால் பத்மஸ்ரீ வந்த மாதிரி.

போட்டதைக் காப்பாற்றவும் பாய் வழி சொல்லியிருக்கிறார். ஈரத்தோடு டாப்பைக் கழற்றிச் சுருட்டி வைக்கக்கூடாது. கறுப்புப் புள்ளி விழும், ஃபோம் நாறும். துடைப்பதற்கு ஈரத்துணி போதும். தேய்த்துக் கழுவினால் ஃபோமிலிருந்து துணி பிரிய ஆரம்பிக்கும். மாதத்துக்கு ஒரு தடவை வார்களின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, தானிய மூட்டை ஏற்றிய ராத்திரி வண்டியைக் கூட்டிப் பெருக்காமல் நிறுத்தக்கூடாது. சிந்தின கம்புக்கு வருகிற எலி, மெத்தென்ற லைனிங்கைப் பார்த்தால் குடும்பம் நடத்தவே ஆரம்பித்துவிடும்.

பெரிய ஷோரூம்களில், பெரிய ஊர்களில்தான் நல்ல வேலை கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் உங்கள் ஊர்க் குஷன் கடைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். நம் பக்கத்தில் சின்ன டவுன் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு மிஷின் மர நிழலில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிராக்டர் சீட்டிலிருந்து கல்யாண மண்டப நாற்காலி வரை தைக்கிற கைகள் அவை. ஆளைத் தேர்ந்தெடுக்க நான் கற்றுக்கொண்ட வழி ஒன்றுதான். தொங்குகிற லைனிங்கைக் காட்டுங்கள். பார்த்ததும் பசை டப்பாவை எடுக்கிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வளைவு நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறவரிடம், குழல் வைத்துத் தைக்கட்டுமா என்று தானாகக் கேட்கிறவரிடம், சாவியைக் கொடுத்துவிட்டு நிழலில் உட்காருங்கள். செலவு அதிகமோ என்று வண்டியை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் எம்.ரெட்டியபட்டிக்கு வாருங்கள். என் ஜீப்பில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போகிறேன். இறங்கும்போது நீங்களே பாயின் கடைக்கு வழி கேட்பீர்கள்.